மைனஸ் பொத்தான்

என் மகள் கம்ப்யூட்டரில் விளையாடிக்கொண்டிருக்கும்போது நான் அறைக்குள் நுழைந்தால், திரையின் மூலையில் இருக்கும் மைனஸ் பொத்தானைச் சட்டென்று அழுத்திவிட்டுப் பாடம் படிப்பவள் போல உட்கார்ந்துகொள்வாள். நான் வெளியேறியதும் மறுபடி திறப்பாள். ஓடிக்கொண்டிருந்த கார் விட்ட இடத்திலேயே நிற்கும். மரம், ரோடு, வானம் எதுவும் குறையாது. அவளுக்கு அது ஒரு விஷயமே இல்லை. நான்தான் கதவுக்கு வெளியே நின்று அந்த இரண்டு விநாடியும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். திரும்பி ஒழுங்காக வருமா, கறுப்பாக வருமா என்று. இத்தனை வருஷம் கழித்தும் இந்தப் பயம் என்னை விட்டபாடில்லை.

இதற்குக் காரணம், மதுரையில் நானும் என் நண்பனும் நடத்திய ஓர் ஆபீஸ்.

ஆபீஸ் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். கே.கே. நகரில் ஒரு பல் டாக்டருடைய கிளினிக்கின் மாடியில் ஒரே ஓர் அறை. இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. கீழே பல்லைக் குடையும் மெஷின் சுழன்றால் எங்கள் மேஜை லேசாக நடுங்கும். மேஜை மேல் இரண்டு கம்ப்யூட்டர்கள். மானிட்டர் என்றால் அன்றைக்கு முதுகு புடைத்த பெட்டிதான். அதை மாடியேற்றிய அன்று நாங்கள் இரண்டு பேரும் படியிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினோம். கரண்ட் போனால் யூ.பி.எஸ். கத்த ஆரம்பிக்கும். அது பத்து நிமிஷம் கத்தித் தீர்ப்பதற்குள் எல்லாவற்றையும் சேவ் செய்துவிட வேண்டும். ஜன்னலுக்கு வெளியே ஒரு புங்கமரம். அதன் நிழல் மூன்று மணிக்கு மேல்தான் எங்கள் அறைக்கு வரும். அதுவரை வெந்துகொண்டே வேலை பார்ப்போம். அந்தப் புழுக்கம்கூட இன்றைக்கு எனக்கு வேண்டும்போல் இருக்கிறது. குளிர்சாதன அறையில் உட்கார்ந்து இதை எழுதும்போது சொல்வதற்கே வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

நண்பன் என்னோடு கல்லூரியில் படித்தவன். சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டிலிருந்து போன் வந்தால் அம்மாவிடம் அவர்கள் பாஷையில் பேசுவான். எனக்கு ஒரு சொல்லும் புரியாது. ஆனால் அவன் குரல் கொஞ்சம் குழைந்தால் மதியம் புளியோதரை வருகிறது என்பது மட்டும் விளங்கிவிடும். அந்த அம்மா செய்யும் புளியோதரையை நம்பியே நான் பல நாள் சாப்பாட்டுக் கவலை இல்லாமல் இருந்திருக்கிறேன்.

அவன் வரைபவன், நான் புரோகிராம் எழுதுபவன். இரண்டும் சேர்ந்து நாங்கள் ஒரு சாமான் செய்தோம். ஒரு வீட்டின் பிளானைக் கொடுத்தால், அதைத் திரையில் நிஜ வீடாக எழுப்பிக் காட்டும். வாசல் வழியாக உள்ளே நுழையலாம். ஹாலில் நின்று திரும்பிப் பார்க்கலாம். சுவர் நிறம் பிடிக்கவில்லையென்றால் அங்கேயே மாற்றலாம். செங்கல், டைல்ஸ், தேக்குக் கதவு என்று ஒவ்வொன்றையும் அவன் தெருத்தெருவாகப் போய் போட்டோ எடுத்து வந்து வரைவான். ஊரில் யாராவது புது வீடு கட்டினால் அதன் சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டு நிற்பான். ஒரு முறை நரிமேட்டில் ஒரு வீட்டம்மா அவனைத் திருடன் என்றே நினைத்துவிட்டார்.

மூலையில் ஒரு சின்ன அம்புக்குறியும் வரைந்திருந்தான். வடக்கு எது என்று காட்டுவதற்கு. நம் ஊரில் வீட்டைக் காட்டினால் அழகாக இருக்கிறது என்று யாரும் முதலில் சொல்வதில்லை. 'இதுல வடக்கு எது தம்பி?' என்றுதான் ஆரம்பிப்பார்கள். அதனால் அந்த அம்பு. இந்த அம்பு பின்னால் எங்களைப் படுத்திய பாட்டைச் சொல்கிறேன்.

இதை வாங்கிப் பயன்படுத்த முதலில் சம்மதித்தவர் கோரிப்பாளையத்தில் ஆபீஸ் வைத்திருந்த ஒரு என்ஜினியர். எல்லோரும் அவரை என்ஜினியர் பாய் என்பார்கள். வீடு கட்டுபவர்கள் நேராக அவரிடம்தான் போவார்கள். அவர் கட்டிய வீட்டில் சுவர் வெடித்ததாக யாரும் சொன்னதில்லை.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு குடும்பத்தின் பிளானை விரித்து வைத்துப் பேசிக்கொண்டிருக்கும்போது வேறொரு குடும்பம் உள்ளே வந்தால், பேச்சை நிறுத்திவிட்டு முதலில் பிளானைச் சுருட்டி மேஜைக்கு அடியில் வைத்துவிடுவார். வந்தவர்கள் போன பிறகுதான் மறுபடி விரிப்பார். ஒருவர் வீட்டைக் கட்டி முடிக்கும் முன் இன்னொருவர் கண்ணில் காட்டக் கூடாது. அவர் அதை நஸர் என்பார். அவரிடம் வந்த மற்றவர்கள் திருஷ்டி என்றார்கள், கண்ணு என்றார்கள். பெயர்தான் வேறு. சுருட்டி வைப்பதை எல்லோரும் நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவரிடம் கூட்டம் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

எங்கள் புரோகிராமை முதல் தடவை பார்த்தபோது அவர் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. இதை எப்படிச் சுருட்டுறது?"

எங்கள் புரோகிராம் திரை முழுக்க அடைத்துக்கொண்டு நிற்பது. அதைச் சின்னதாக்க வழியே வைக்கவில்லை. "இன்னொரு பார்ட்டி உள்ள வந்தா நான் இதை டக்குனு மறைக்கணும். அவங்க போனதும் திரும்ப எடுக்கணும். அதுக்கு ஒரு பட்டன் வச்சுக் குடுங்க," என்றார்.

"ஒரு மைனஸ் பட்டன் வச்சுர்றோம் சார், பத்து நிமிஷ வேலை," என்றேன். எனக்கு அந்த வயதில் எல்லாமே பத்து நிமிஷ வேலை.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த மாதம் என் நண்பனுக்குச் சென்னையில் ஒரு அனிமேஷன் கம்பெனியிலிருந்து வேலைக்கான கடிதம் வந்திருந்தது. அவன் வரைந்தவற்றை யாரோ பார்த்துவிட்டுக் கூப்பிட்டிருந்தார்கள். வருகிறேன், வரவில்லை என்று பதில் எழுத வேண்டும். கடிதத்தை மானிட்டருக்கு அடியில் செருகி வைத்திருந்தான். நான் தினமும் அதன் ஓரத்தைப் பார்ப்பேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன்.

"பாய் ஆபீஸ்ல நம்ம புரோகிராம் நிலைச்சிருச்சுன்னா நான் எங்கயும் போகல மாப்ள," என்றான். "எனக்கு இந்த ரூமு போதும். நீ எழுது, நான் வரையுறேன். வேற என்ன வேணும்?"

எனக்கும் வேறு எதுவும் வேண்டாம். அவன் போய்விட்டால் அந்த அறையில் என்னால் தனியாக உட்கார முடியாது என்பது எனக்குத் தெரியும். படம் வரைய ஆள் இல்லை என்பது மட்டும் இல்லை. எனக்கு வேறு நண்பனே இல்லை.

சொன்னபடி அன்று மாலையே மைனஸ் பொத்தானை எழுதினேன். அழுத்தினேன். வீடு சமர்த்தாகக் கீழே போய் மறைந்தது. சந்தோஷம். கீழே டீயும் முள்ளுமுருங்கை வடையும் வாங்கி வந்திருப்பதாக அவன் சத்தம் கொடுத்தான். எழுந்து போய்விட்டேன். போனது திரும்பி வருகிறதா என்று பார்க்கவில்லை. மறந்துபோனேன் என்று இதுவரை பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். புரோகிராம் எழுதுகிறவர்கள் வரிகளுக்கு நடுவே தங்களுக்கென்று குறிப்பு எழுதிக்கொள்வது உண்டு. கம்ப்யூட்டர் அதைப் படிக்காது, மனிதர்கள்தான் படிப்பார்கள். அந்த இடத்தில் நான் ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரு குறிப்பு எழுதினேன். 'உள்ள போகுது. திரும்பி வருதான்னு அப்புறம் பாத்துக்கலாம்.' எழுதிவிட்டு வடை தின்னப் போனேன்.

அடுத்த வாரம் புதன்கிழமை காலை, பாய் ஆபீஸில் முதல் பார்ட்டிக்குக் காட்டினோம். கணவன் மனைவி இரண்டு பேரும் மிஷன் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள். வாழ்நாள் முழுக்க வாடகை வீட்டில் இருந்துவிட்டு முதன்முதலாகச் சொந்த வீடு கட்டுகிறவர்கள். டீச்சரம்மா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தார். வாசல் திறந்தது. உள்ளே போனோம். "ஐயோ, இது நம்ம ஹாலுங்க," என்று கணவர் தோளைத் தட்டினார். முன்சுவருக்கு வெளிர்நீலம் வேண்டும் என்றார். நண்பன் மாற்றினான். இன்னும் கொஞ்சம் வெளிர் என்றார். மாற்றினான். அடுப்படி ஜன்னலைக் கிழக்குப் பக்கம் தள்ளச் சொன்னார். தள்ளினான். ஒரு மணி நேரத்தில் அது எங்கள் வீடு இல்லை, பாய் வீடும் இல்லை, முழுக்க அந்த அம்மாவின் வீடாகிவிட்டது.

அப்போது ஆரப்பாளையத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் ஒரு குடும்பம் உள்ளே வந்தது. பாய் கை தானாக நீண்டது. மைனஸ். வீடு மறைந்தது. எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். வந்தவர்கள் கால் மணி நேரம் பேசிவிட்டுப் போனார்கள். பாய் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மறுபடி திறந்தார்.

திரை கறுப்பாக வந்தது. முழுக் கறுப்பு. நடுவில் மவுஸின் அம்பு மட்டும் வெள்ளையாக நின்றது. பாய் மூடித் திறந்தார். கறுப்பு. மறுபடியும் கறுப்பு.

"என்ன சார், வீடு இருண்டு போச்சு?" என்றார் டீச்சரம்மா. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

"மெஷின்தான, வேற ஒண்ணுமில்ல," என்றார் கணவர். ஆனால் அந்த அம்மா முகம் மாறிவிட்டது. எதையோ முணுமுணுத்துக்கொண்டார். ஜெபம்தான் என்று நினைக்கிறேன். சனிக்கிழமை வருகிறோம் என்று எழுந்துவிட்டார்கள்.

அவர்கள் போனதும் பாய் எங்களைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "நஸர் படக்கூடாதுன்னுதான தம்பி மறைச்சேன். மறைக்கப் போயி அந்தம்மா மனசுல இம்புட்டுப் பெரிய பயத்தை வச்சு அனுப்பிட்டேனே," என்றார். "சனிக்கிழமை அவுங்க வரும்போது இது சரியா வந்தா வச்சுக்கிறேன். இல்லைன்னா எனக்கு என் பேப்பரே போதும்."

நான் வாயைத் திறப்பதற்குள் நண்பன் சொன்னான்: "சார், தப்பு எம்மேலதான். படமெல்லாம் ரொம்பப் பெருசா போட்டுட்டேன். மெஷின் தாங்கல. எல்லாத்தையும் கொறச்சுச் சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணிர்றோம்."

அவன் அதை நிஜமாகவே நம்பித்தான் சொன்னான். திரையில் படம் வரவில்லையென்றால் படம் வரைந்தவன் தப்பு என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. அது படத்தின் தப்பில்லை, பொத்தானின் தப்பு என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. குறிப்பு எழுதியது கண் முன்னால் வந்தது. வண்டியை நான் ஓட்டினேன், அவன் பின்னால் உட்கார்ந்து வழி முழுக்க எந்தப் படத்தை எவ்வளவு குறைக்கலாம் என்று பேசிக்கொண்டே வந்தான். கலெக்டர் ஆபீஸ் தாண்டும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கே.கே. நகர் வளைவில் சொல்லலாம் என்று நினைத்தேன். வடை தின்னப் போன அவசரத்தில் நம் பிழைப்பைக் கறுப்பாக்கிவிட்டேன் என்று சொன்னால், அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான் என்று பயந்தேன். சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம், யாருக்கும் தெரியாது என்று முடிவு கட்டினேன்.

அன்றே அவன் வேலையை ஆரம்பித்துவிட்டான். மாதக்கணக்கில் வரைந்த செங்கல்லையும் டைல்ஸையும் பாதியாக, கால்வாசியாகச் சுருக்கிக்கொண்டிருந்தான். தேக்குக் கதவின் வரிகள் மங்கிப்போவதைப் பார்த்து ஒரு முறை உச்சுக்கொட்டினான். நான் என் திரையை அவனுக்குத் தெரியாதபடி கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டேன்.

நடந்தது இதுதான். வீட்டை நாங்கள் வரைவது கிராபிக்ஸ் கார்டில். அதை ஒரு கல்யாண மண்டபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் முழுத்திரையில் இருக்கும்வரை மண்டபம் நம்முடையது. நம் பாத்திரம், பந்தல், சீரியல் லைட் எல்லாம் உள்ளே. மைனஸை அழுத்தி வெளியே வந்த நிமிஷமே மண்டபம் அடுத்தவர் கைக்குப் போய்விடும். உள்ளே வைத்ததை எல்லாம் கூட்டித் தள்ளிவிடுவார்கள். நமக்கு யாரும் சொல்லியனுப்ப மாட்டார்கள். திரும்பி வரும்போது நாம்தான் கேட்க வேண்டும், மண்டபம் காலியா என்று. காலியாகும்வரை காத்திருக்க வேண்டும். காலியானதும், பழைய சாமான்களில் நம் பெயரில் ஒன்றுகூடப் பாக்கி இல்லாமல் ஒப்படைத்துவிட்டு, புதிதாகச் சாவி வாங்கி, எல்லாவற்றையும் மறுபடி வீட்டிலிருந்து கொண்டுவந்து அடுக்க வேண்டும். நான் இது எதையும் செய்யாமல், அதே பந்தல் நிற்கிறது என்ற நினைப்பில் சாப்பிட உட்கார்ந்திருக்கிறேன்.

இவ்வளவு சுலபமாக இன்று சொல்கிறேன். அன்று இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை நாள் ஆனது. புரோகிராம் எழுதுகிறவர்களுக்கென்று எங்களிடம் இருந்த உதவிக் குறிப்பு சி.டி.யில் விஷயம் இருந்தது, ஆனால் சுற்றி வளைத்து இருந்தது. வியாழக்கிழமை மதியம் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். எங்கள் அறையில் அப்போது இன்டர்நெட் கிடையாது. பலகைத் தடுப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து, எங்கோ ஒரு நாட்டில் என்னைப் போலவே கறுப்புத் திரையைப் பார்த்துப் புலம்பிய ஒருவனின் கடிதத்தையும் அதற்கு வந்த பதில்களையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு திரும்பினேன். போய்வர இரண்டரை மணி நேரம்.

நான் படியேறி வந்தபோது அவன் ஜன்னலோரம் நின்று புங்கமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன மாப்ள, எதுவும் கெடச்சுச்சா?"

"பாத்துக்கிட்டு இருக்கேன்டா."

ஜன்னலை விட்டு என் மேஜைப் பக்கம் வந்தான். பிறகு, "ஒம்பக்கம் எதுவும் இல்லைல்ல?" என்றான்.

"இல்லடா. என் பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றேன். பிரிண்ட் எடுத்த தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"சரி," என்று உட்கார்ந்து மறுபடி படங்களைச் சுருக்க ஆரம்பித்தான்.

வெள்ளிக்கிழமை காலைக்குள் எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டேன். மண்டபம் காலியா என்று கேட்கிறேன், காத்திருக்கிறேன், சாமான்களை ஒப்படைக்கிறேன். ஆனாலும் சாவி வரவில்லை. முடியாது, முடியாது என்று ஒரே பதில். சுவர், கதவு, தரை, வானம் என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். எல்லாம் ஒப்படைத்தாகிவிட்டது. பன்னிரண்டு மணிக்கு எனக்கு அழுகை வராத குறை. கீழே யாருக்கோ பல் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள், அந்த ஆள் போட்ட சத்தம் என் சத்தம்போல் இருந்தது.

கடைசியில் பார்த்தால், அந்த வடக்கு அம்பு. வீட்டோடு சேராமல் மூலையில் தனியாக நிற்பதால் அதை வேறோர் இடத்தில் தனியாக ஏற்றியிருந்தேன். உள்ளங்கை அளவு படம். ஊரையே காலி செய்துவிட்டு ஒரே ஒரு கரண்டியை மண்டபத்து மூலையில் விட்டுவிட்டேன். அதற்காகச் சாவி தர மறுத்திருக்கிறார்கள். அதையும் விடுவித்தேன். மைனஸ் அழுத்தித் திறந்தேன். வீடு வந்தது! வாசல், ஹால், அடுப்படி எல்லாம் வந்தது.

ஆனால் முன்சுவர் வெள்ளையாக இருந்தது. பரிசோதிப்பதற்காக நீலம் அடித்து வைத்திருந்தேன். மாற்றங்கள் எல்லாம் கார்டின் உள்ளேயே மட்டும் இருந்திருக்கின்றன, அதோடு போய்விட்டன. திரும்பி வந்தது பழைய வீடு. இப்படியே விட்டிருந்தால் டீச்சரம்மா ஒரு மணி நேரம் உட்கார்ந்து உண்டாக்கியது ஒரு பொத்தானில் போயிருக்கும். ஒவ்வொரு மாற்றத்தையும் நம் பக்கம் ஒரு பிரதி எழுதி வைத்துக்கொண்டு, திரும்ப வரும்போது அதே வரிசையில் செய்ய வைத்தேன். மாலை ஐந்து மணிக்கு நீலச் சுவர் நீலமாகவே திரும்பி வந்தது.

அவன் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றான். நான் மூடினேன், திறந்தேன். மூடினேன், திறந்தேன். இருபது தடவையாவது செய்திருப்பேன். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் இருந்திருக்க முடியாது. வேலை முடிந்துவிட்டது, பயப்பட ஒன்றும் இல்லை. நான் சொன்னது இது:

"நீ படத்தைக் கொறச்சது நல்லதாப் போச்சு மாப்ள. இப்பப் பாரு, எப்படி வருதுன்னு."

"அப்படியா?" என்றான். சிரித்தான். "அப்ப சரி."

அந்தச் சிரிப்பை அன்று நான் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை டீச்சரம்மா வந்தார். புதன்கிழமை அவர் சொன்ன மாற்றங்களை நண்பன் முன்னதாகவே மறுபடி செய்து வைத்திருந்தான். இந்தத் தடவை யாரும் இடையில் வரவில்லை. பாயே வேண்டுமென்று மைனஸை அழுத்தினார். திறந்தார். வெளிர்நீல முன்சுவரோடு வீடு வந்து நின்றது. "கர்த்தரே," என்றார் டீச்சரம்மா. கணவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். பாய் பிரியாணிக்குச் சொல்லியனுப்பினார். "வச்சுக்கிறேன் தம்பிகளா," என்றார். நான் நண்பனின் கையைப் பிடித்து அழுத்தினேன். அவனும் அழுத்தினான்.

திங்கட்கிழமை அவன் மானிட்டருக்கு அடியில் கடிதம் இல்லை. "சென்னைக்கு வாரேன்னு எழுதிப் போட்டுட்டேன் மாப்ள," என்றான். பாய் ஆபீஸில்தான் நிலைத்துவிட்டதே, அப்புறம் என்ன என்று கேட்டேன். அங்கே சம்பளம் நல்லா இருக்கு, வீட்டிலும் போகச் சொல்கிறார்கள் என்றான். நான் அதை நம்பினேன். நம்பிக் கோபப்பட்டேன். பணம்தான் பெரிதாகப் போய்விட்டது என்று அவன் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவன் சுருக்காத பழைய படங்களை எல்லாம் ஒரு சி.டி.யில் எழுதி என் மேஜையில் வைத்தான். "இப்ப மெஷின் தாங்கும்ல. பழைய படத்தையே போட்டுக்க," என்றான். அந்த வார்த்தையிலாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மாட்டுத்தாவணியில் பஸ் ஏற்றிவிடப் போனேன். அவன் அம்மா எனக்கும் சேர்த்துப் புளியோதரை கட்டிக் கொடுத்திருந்தார். பஸ் கிளம்பிய பிறகு ஸ்டாண்டிலேயே உட்கார்ந்து அதைத் தின்றேன். அந்த அறையை இன்னும் எட்டு மாதம் வைத்திருந்தேன். பிறகு நானும் ஊரைவிட்டு வந்துவிட்டேன். அவனுக்குக் கல்யாணம், எனக்குக் கல்யாணம், பொங்கலுக்கு ஒரு போன் என்று ஆகிப்போனது. கோபம் எப்போதோ போய்விட்டது. அந்தப் பொய் மட்டும் போகவில்லை.

போன மாதம் பரணை ஒழிக்கும்போது அந்த சி.டி. அகப்பட்டது. படங்களோடு என் புரோகிராமையும் சேர்த்தே எழுதி வைத்திருந்தான். திறந்து படித்தேன். மைனஸ் பொத்தானுக்கு நான் எழுதிய வரிகள். புதிதாகச் சேர்த்த அத்தனைக்கும் மேலே, அழிக்க மறந்த என் குறிப்பு அப்படியே இருந்தது. 'உள்ள போகுது. திரும்பி வருதான்னு அப்புறம் பாத்துக்கலாம்.'

உடனே அவனுக்கு போன் போட்டேன். பொங்கலும் இல்லை, ஒன்றும் இல்லை. பதறிப்போய், "அம்மா நல்லா இருக்காங்களாடா?" என்று கேட்டான். எல்லாரும் நல்லா இருக்காங்க என்று சொல்லிவிட்டு, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். பாய் ஆபீஸில் கறுப்பானது அவன் படத்தால் இல்லை, என்னால்தான் என்று. அன்றைக்கே தெரியும் என்று. அவன் மூன்று நாள் கதவையும் செங்கல்லையும் பாழாக்கியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன் என்று.

நான் முடிக்கும்வரை கேட்டுக்கொண்டான். பிறகு சொன்னான்.

"தெரியும் மாப்ள."

"எப்ப இருந்து?"

"நீ பிரவுசிங் சென்டர் போனேல்ல, அன்னைக்கு. எந்தப் படம் எங்க ஏறுதுன்னு பாக்கலாம்னு ஒன்னோட சிஸ்டத்தைத் தொறந்தேன். எனக்கு புரோகிராம் படிக்கத் தெரியாது. தமிழு படிக்கத் தெரியும்ல."

"அப்ப ஏன்டா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?" என்றேன்.

"கேட்டேனே," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. நேற்று நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னான். "நீ படியேறி வந்ததும் கேட்டேன். ஒம்பக்கம் எதுவும் இல்லைல்லன்னு கேட்டேன். லெட்டருக்கு அதுவரைக்கும் நான் பதிலே எழுதல மாப்ள. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் வச்சிருந்தேன்."